நான்காம் விரிவில் அவள் விழுவாள்

ஊகமானி எழுபத்து நான்கிலிருந்து எண்பத்தொன்றுக்குத் தாவியபோதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது ஜெனிட்டாவுக்கு உறைத்தது. இணைய ரசிகர் களத்தில் எழுதியதை அழிக்கப் போனாள். விரல் இரண்டு முறை வேறெங்கோ பட்டது. மூன்றாம் முறை அழிந்தது. அழிந்த கையோடு ஊகமானி எண்பத்தாறு காட்டியது.

“அழிச்சிட்டியா?” போனில் அஃப்ரின் கத்தினாள். “லூசாடி நீ? அழிச்சா இன்னும் ஏறும்னு தெரியாதா?”

தெரியும். ரசிகர் களத்துக்கு வரும் புதியவர்களுக்கெல்லாம் அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். மறுத்தால் உண்மை. அழித்தால் அதைவிட உண்மை. உயிர்த்தட்டு விற்கும் நிறுவனம் ஒவ்வொரு முறையும் ‘அப்படி ஒரு திட்டமே இல்லை’ என்று சொன்ன பிறகுதான் பொம்மையைக் கடைக்கு அனுப்பும். பழகிப் பழகி, ஒரு மறுப்பைப் பார்த்தாலே தட்டுலக ரசிகர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

அவள் எழுதியது நான்கே வரி. ‘கொக்கம்மா நான் சொன்ன பொய். அது என் அம்மாவின் நடை. அம்மா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நான்காம் விரிவில் கொக்கம்மா விழுவாள் என்று தயவுசெய்து இனி யாரும் எழுதாதீர்கள்.’

கீழே பதில்கள் கொட்டின.

‘கம்பெனி ஆளே வந்து கெஞ்சுதுன்னா விழுறது கன்ஃபார்ம்.’

‘அம்மாவாம்! என்னா நடிப்புடா சாமி!’

‘அழிச்சுட்டாங்க. நான் படம் எடுத்து வச்சிருக்கேன். ஓடியாங்க எல்லாரும்.’

“தொண்ணூத்தொண்ணு,” என்றாள் அஃப்ரின். இப்போது அவள் கத்தவில்லை. “ஜெனி, தொண்ணூறு தாண்டிச்சுடி.”

ஜெனிட்டா கட்டில் மேல் கிடந்த உயிர்த்தட்டைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில் ஒரு வட்டப் பலகை. விரல் நீளப் பொம்மை ஒன்றை அதன் மேல் நிறுத்தினால், பொம்மை அப்படியே நிற்கும். தட்டுக்கு மேலே ஒளியில் அதன் உரு எழுந்து நடக்கும், பேசும், சண்டை போடும். ஊரில் தட்டு இல்லாத வீடு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய பொம்மைகளோடு ஒரு விரிவு வரும். அது வருகிறவரை ரசிகர்களுக்கு ஒரே வேலை: அடுத்து யார்? செவ்வாய் கிரகக் கபடி அணியா, ஆவிகளைப் பிடிக்கும் போலீஸ்காரர்களா, கடலுக்கு அடியில் பேருந்து ஓட்டும் அக்காவா?

நிறுவனத்திடம் திட்டமென்று எதுவும் கிடையாது. திட்டம் போடும் ஆட்களை அவர்கள் எப்போதோ வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊகமானி என்ற ஒரு பொறி இருக்கிறது. எந்த ஊகத்தை நூற்றுக்கு எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று அது நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கும். எழுபதைத் தாண்டினால் தொழிற்சாலை ஓடத் தொடங்கும். தொண்ணூறைத் தாண்டினால் காத்திருக்கவே மாட்டார்கள். புதிய அசைவின் முதல் துண்டு அன்றைக்கே காற்றுவழியாக எல்லா வீட்டுப் பொம்மைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். எழுபதைத் தாண்டிய ஊகம் ஒன்றுகூட இதுவரை பொய்த்ததில்லை. தாண்டியதைத்தானே அவர்கள் செய்கிறார்கள்? ஆனால் அவர்களே செய்கிறார்கள் என்ற இந்தப் பாதி நாளடைவில் எல்லாருக்கும் மறந்துபோனது. ‘ஊகமானி சொன்னா நடக்கும்’ என்பது மட்டும் மீந்தது. மீன் சந்தையிலும் கல்யாண வீட்டிலும்கூட அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

போன வருடம் ஜெனிட்டாவுக்குப் பதினைந்து வயது. களத்தில் அவள் பெயர் உப்புக்காற்று. கடையில் வராத பொம்மையைத் தான் பார்த்துவிட்டதாகப் பொய்ப்படம் போடுவது அங்கே ஒரு கலை. படம் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும். ஓரத்தில் எவனோ ஒருவனின் கட்டைவிரல் தெரிய வேண்டும். பெட்டியின் அடியில் எண் பாதி அழிந்திருக்க வேண்டும். அவள் அதில் கெட்டிக்காரி. துறைமுக உலகம் ஒன்று வரப்போகிறது, அதன் நாயகி கொக்கம்மா, பழுப்புச் சட்டை, மஞ்சள் தொப்பி, கையில் ராட்சசக் கொக்கி என்று அவிழ்த்துவிட்டாள். படம் மட்டும் போட்டிருந்தால் நாற்பதோடு நின்றிருக்கும். அவள் அசைவையும் சேர்த்துப் போட்டாள். ஏணியில் ஒரு பெண் ஏறி இறங்கும் அசைவு. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவிடமிருந்து எடுத்தது. அந்த நடையில் இருந்த உயிரைப் பார்த்துக் களமே வாயடைத்துப்போனது. ஒரே வாரத்தில் எழுபத்தெட்டு.

மூன்றாம் விரிவில் கொக்கம்மா வந்தாள்.

அம்மா மரியபுஷ்பத்துக்கு முதலில் ஒரே சிரிப்பு. “ஏட்டி, இங்க பாரு, என்னைய மாரியே இடுப்ப ஒடிச்சு நடக்கா. எவனோ நம்ம துறைமுகத்துக்கு வந்து என்னையப் பாத்துட்டுப் போயிருக்கான்!” வேலைக்குப் போகிற வழியில் பிள்ளைகள் ‘கொக்கம்மா, கொக்கம்மா’ என்று பின்னால் ஓடினார்கள். அவளும் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு எவனோ ஒருவன் எழுதினான்: ஒவ்வொரு விரிவின் முடிவிலும் ஒருத்தர் சாகிறார், அடுத்து கொக்கம்மாதான், உயரத்தில் இருக்கிறவள் வேறு எப்படிச் சாவாள்? ஐம்பது. அறுபத்திரண்டு. எழுபத்து நான்கு. தெருப்பிள்ளைகள் இப்போது வேறு மாதிரி கேட்டார்கள். “ஆன்ட்டி, என்னைக்கு விழுவிய?” ரேஷன் கடையில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு வேலைக்கு எழுதிப்போடக் கூடாதா என்று அழாத குறையாகச் சொன்னாள். துறைமுகத்தில் அவள் ஏணியில் கால் வைக்கும்போது கீழே இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

நேற்று மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா, திரும்பாமலே சொன்னாள். “பதினாலு வருசமா நான் கீழ பாத்ததே இல்லட்டி. இன்னிக்குப் பாத்துட்டேன்.”

அதனால்தான் இன்று காலை அந்த நான்கு வரி.

“ஜெனி, இருக்கியா?” என்றாள் அஃப்ரின். அதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. சுடலைமுத்து மாமா. துறைமுகத்தில் அம்மாவின் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுகிறவர்.

“ஏட்டி, எங்க இருக்க? ஒடனே இங்க வா.”

“அம்மாக்கு என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல. டீ குடிக்க எறங்குனா. பாதி ஏணியில நின்னுட்டா. மேலயும் போவல, கீழயும் வரல. ஒன்னையத்தான் கேக்கா.”

ஒண்ணுமில்ல என்று சொன்ன குரலே அவளைச் செருப்புப் போடாமல் ஓடவைத்தது. பொம்மையும் தட்டும் எப்படிக் கையில் வந்தன என்பது அவளுக்கு ஞாபகமில்லை. குடியிருப்பிலிருந்து துறைமுக வாசலுக்கு ஐந்து நிமிடம். வாசலில் இருபது முப்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அதில் ஒருவன் மஞ்சள் தொப்பி போட்டிருந்தான். “எங்கயும் போயிராதிய, லைவ்வா வருது,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

கிரேன் எட்டு மாடி உயரம். அதன் காலோடு ஒட்டிச் செங்குத்தாக ஓர் ஏணி. சுற்றிலும் கம்பி வளையம்; உள்ளே ஓர் ஆள்தான் நுழையலாம். பாதியில், பழுப்புச் சட்டையில், அம்மா. காற்று சட்டையை அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் வேறு அசைவில்லை.

“நான் ஏறுனேன்,” என்றார் சுடலைமுத்து. அவர் முகமெல்லாம் வியர்வை. “ஏணி ஆடுதுன்னு கத்துதா. எறங்கிட்டேன். தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. டவுன்லேந்து வரணும், முக்கா மணி நேரமாவும்னு சொல்லுதானுவ. அதுவரைக்கும் அவ கை தாங்கணும்லா.” வாக்கிடாக்கியை அவள் கையில் திணித்தார். “பேசு.”

“அம்மா.”

மேலே அம்மாவின் தோளில் மாட்டியிருந்த கருவியிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. பிறகு குரல். “வந்துட்டியா?”

“வந்துட்டேம்மா.”

“எனக்கு எறங்கத் தெரியலட்டி.” சிரிக்க முயல்வது போலிருந்தது. “எந்தக் காலு மொதல்லன்னு யோசிச்சேன். அவ்வளவுதான். மறந்துபோச்சு. பதினாலு வருசம் யோசிக்காம செஞ்சது. யோசிச்சதும் போச்சு.”

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று ஜெனிட்டாவுக்குப் பட்டது. “அம்மா, அந்தப் பொம்மை எவனோ பாத்துட்டுப் போயி செஞ்சதில்ல. நாந்தாம்மா குடுத்தேன். ஒன் வேலச் சட்டையில, பெல்ட்டுல, ஷூவுல அசைவப் பதியுத அசைவுமணி தச்சு வச்சேன். மூணு நாளு. நீ ஏறுனது எறங்குனது எல்லாம் அதுல இருக்கு. நான் சும்மா வெளையாட்டுக்கு...”

சுடலைமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை அடியைவிட மோசமாக இருந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது.

“கையிலயுமா?” என்றாள் அம்மா.

“கையிலயும்தான். கைமடிப்புல.”

“அப்போ அதுக்குத் தெரியும்லா, நான் எப்படி எறங்குவேன்னு.”

ஜெனிட்டாவுக்கு முதலில் புரியவில்லை.

“அதக் கொண்டாந்திருக்கியா? நிறுத்து. அது என்ன செய்யுதோ ஒண்ணொண்ணாச் சொல்லு. நான் கண்ண மூடிக்கிடுதேன். நீ சொல்லுதத செய்யுதேன்.”

“அம்மா, வேண்டாம். அதுக்குள்ள இன்னிக்கு...”

“கை மரத்துப்போச்சு ஏட்டி. சொல்லு.”

தார்த்தரையில் மண்டியிட்டுத் தட்டை வைத்தாள். பொம்மையை நிறுத்தினாள். ஒளியில் கொக்கம்மா எழுந்தாள். அவள் முன்னால் ஒளியிலேயே ஓர் ஏணி எழுந்தது. இறங்கச் சொன்னதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் இறங்க ஆரம்பித்தாள். அது அம்மாவேதான். இடுப்பை லேசாக ஒடித்து, தோளைக் கம்பியோடு ஒட்டி.

“எடது கால் மொதல்ல. கீழ. இப்போ வலது கை ஒரு கம்பி எறக்கு. வலது கால். எடது கை.”

மேலே பழுப்புச் சட்டை ஒரு படி இறங்கியது. கூட்டத்தில் எவரோ “யேசுவே” என்றார்கள். இரண்டு படி. ஐந்து. அம்மாவின் மூச்சு சீரானது. “ஆமா, ஆமா, இப்படித்தான்,” என்று முணுமுணுத்தாள். ஒன்பதாவது படியில் சின்ன மேடை வந்தது. அங்கே ஏணியோரப் பாதுகாப்பின் மேல் கயிறு முடிந்து கீழ்க் கயிறு தொடங்குகிறது. பெல்ட்டின் கொக்கியை இதிலிருந்து கழற்றி அதில் மாட்ட வேண்டும். மாற்றுகிற அந்த ஒரு நொடி, உடம்பைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

“அந்தக் கொக்கி துருப்பிடிச்சது,” என்று சுடலைமுத்து அவள் காதருகே சொன்னார். “ஒத்தக் கையில தொறக்காது. அவ எப்படித் தொறப்பான்னு நான் பாத்ததில்ல. கீழேந்து முதுகுதான் தெரியும்.”

கொக்கம்மா மேடையில் நின்றாள். முதுகை வளையத்தில் சாய்த்தாள்.

“முதுக வளையத்துல சாச்சுக்கோ. வலது கைய விட்டு, கொக்கியப் பிடி.”

அம்மா சாய்ந்தாள். வலது கையை விட்டாள்.

ஒளியில் கொக்கம்மா இடது கையையும் மெல்ல விரித்தாள். அந்த விரிப்பிலேயே உறைந்து நின்றாள். அவள் தலைக்கு மேல் பொன் எழுத்தில் ஒரு வரி மின்னியது: மீதி, நான்காம் விரிவில்.

ஜெனிட்டா தட்டைத் தட்டினாள். மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். கொக்கம்மா வேகமாக இறங்கி, அதே மேடையில், அதே இடது கை விரிந்த இடத்தில் நின்றாள். மறுபடி. அங்கேயே.

அம்மாவின் அசைவோடுதான் விழுகிற அசைவை ஒட்டியிருப்பார்கள். எங்கே ஒட்டினார்கள்? ஒருவேளை இரண்டு கையையும் விட்டு, முதுகில் மட்டும் தாங்கி, அந்தத் துருக்கொக்கியைத் திறப்பதுதான் பதினான்கு வருடமாக அம்மாவின் வழக்கமோ என்னவோ. இல்லை, இந்த இடது கை இன்று காலை நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் நம்பியதால் முளைத்த கையா? எவன் போட்ட பொய்ப்படத்திலும் ஒட்டு இருக்கிற இடத்தைப் பார்த்தவுடன் காட்டுகிறவள், கண்ணைத் தட்டின் மேலேயே வைத்துத் தேடினாள். எங்கும் ஒட்டுத் தெரியவில்லை. எல்லாமே அம்மாவாக இருந்தது.

வாசல் பக்கமிருந்து மஞ்சள் தொப்பிக்காரன், “தொண்ணூத்தாறு!” என்று கூவினான்.

“ஏட்டி,” வாக்கிடாக்கியில் அம்மாவின் குரல், கண்ணை மூடியிருக்கிறவளின் நிதானத்தோடு, முழு நம்பிக்கையோடு கேட்டது. “வலது கைய விட்டாச்சு. அடுத்தது என்ன? எடது கையையும் விடுவேனா நான்?”