பின்னிருக்கையின் பயம்

"சைலன்சர் மட்டும் மாத்துனாப் பத்தாதுங்க," என்றார் கடைக்காரர் சென்னியப்பன். "மூச்சு விடற பக்கம் தொறந்தா, இழுக்கற பக்கமும் தொறக்கோணும். ரெண்டுக்கும் தோதா டியூனிங் பண்ணோணும்."

அகலமான சைலன்சரையும் பெரிய காற்று வடிகட்டியையும் நவநீதன் உடனே தேர்ந்தெடுத்துவிட்டான். தயங்கியது இசைவியில்தான். மோட்டார் சைக்கிள்களில் அச்சமானி கட்டாயமாகியிருந்த காலம் அது. கைப்பிடி வழியாக ஓட்டுபவனின் பயத்தை அளந்து, பயம் கூடினால் அது வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் கணக்கை மாற்றும் மின்னணுச் சில்லுக்குத்தான் இசைவி என்று பெயர்.

சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "இது புதுசுங்க. பின்சீட்ல இருக்கறவங்க பயத்தை அளக்கும். பயம் ஏற ஏற வண்டி எகிறும்."

"எதுக்குங்க பின்சீட்?"

"ஓட்டறவனுக்குப் பயம் சீக்கிரம் பழகிரும். பின்னால இருக்கறவங்க கையில ஒண்ணுமில்லீங்களே! சீட் காலியானா மட்டும் இஞ்சின் அடங்கிரும்."

நவநீதன் தன் மனைவி சுகந்தியை நினைத்துக்கொண்டான். அவள் அண்ணன் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்தவன்.

"இதையே மாட்டுங்க," என்றான்.

புறவழிச்சாலைப் பந்தயத்தில் சுகந்தி அவன் முதுகில் முகம் புதைத்து, "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று அழுதாள். அவன்தான் முதலில் வந்தான். வீட்டுக்குப் போனதும் இசைவி வேலை செய்யும் விதத்தைச் சிரித்துக்கொண்டே அவளுக்கு விளக்கினான்.

பல பந்தயங்களுக்குப் பிறகு அவளுக்குள் ஏதோ மரத்துப்போனது. வண்டி மந்தமானது. கைப்பிடியை விட்டு ஓட்டிப் பார்த்தான்; லாரிகளுக்கு நடுவே புகுந்து பார்த்தான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இறுதிப் பந்தயத்தன்று, சுகந்தி ஏறி உட்கார்ந்த பிறகு, வேடிக்கை பார்க்க வந்திருந்த நான்கு வயது மகளைத் தூக்கி டேங்கின் மேல் வைத்தான்.

"ஐயோ, பாப்பாவ எறக்குங்க!"

வண்டி பாய்ந்தது. மற்றவர்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் பின்தங்கினார்கள். பாலத்தைத் தாண்டியபோது நவநீதனுக்கே பயம் வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்டான், இசைவி மசியவில்லை. பிரேக்கை அழுத்தினான்; பின்சக்கரம் வழுக்கியது, சுகந்தி அலறினாள், வேகம் இன்னும் ஏறியது. ஓடுகிற வண்டியின் இஞ்சினை அணைக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்ததும் ஒரு பாதுகாப்புச் சட்டம்தான்.

"பயப்படாத சுகந்தி! உன் கால்ல உழுகறேன், பயப்படாத!"

முன்னால் வளைவு தெரிந்தது.

"பாப்பாவ இறுக்கிப் புடிச்சுக்குங்க," என்றாள்.

அவன் இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் விலகின.

இஞ்சின் அடங்கியது. வண்டி மெல்ல வேகமிழந்து வளைவுக்கு முன்பே நின்றது. குழந்தை தலையைத் திருப்பி, "அம்மா எங்கப்பா?" என்றது.

பின்னால் வந்தவர்கள் சாலையில் கிடந்தவளைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் நவநீதனிடம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணா, ஸ்பீடு எவ்வளவு தொட்டுச்சு?"

நவநீதன் சொன்னான். சொல்லும்போது குரலில் இருந்த பெருமை அவன் காதிலேயே விழுந்தது.