சுவிட்சில் கட்டிய துண்டு

ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் அந்தத் தோல் தொழிற்சாலையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பாதி வழியிலேயே வாடை வந்து செந்தில்குமாரைக் கூட்டிக்கொண்டு போனது. மதியம் இரண்டு மணி. சத்துவாச்சாரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு கேமரா டிஸ்க்கை அழிப்பது என்ன பெரிய வேலை? சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் வந்தான்.

கேட்டருகே சந்திரா நின்றிருந்தாள். அவள் புருஷன் பரந்தாமன் பத்து நாளைக்கு முன்பு, தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம்முக்குள் இறங்கிக் கழுவும்போது, டிரம் ஓடிச் செத்துப்போனவன்.

"அண்ணா, கேமராவ பாக்கத்தானே வந்தீங்க? குடிச்சிட்டு எறங்கினாரு, துண்டு கட்டலன்னு சொல்றாங்க. கட்டாம எறங்கவே மாட்டாரு. அதுல இருக்கும், பாருங்கண்ணா."

டிரம்முக்குள் இறங்குகிறவன் தன் துண்டைச் சுவிட்சில் கட்டிவிட்டு இறங்குவது அங்கே வழக்கம். வெளியே வந்து அவனே அவிழ்க்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

"பாக்குறேம்மா" என்றான் செந்தில். சொன்ன பிறகு நாக்கு கூசியது.

மேலாளர் நாகேந்திரன் அலுவலகக் கதவைச் சாத்தினார். "கேமரா ரிப்பேர்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. சுத்தமா அழிச்சிடு. தொறந்து பாக்காத, பேஜாரு."

பார்க்காதே என்றால் கை சும்மா இருக்குமா? அவர் போனில் மூழ்கிய நேரம் பார்த்துச் செந்தில் திறந்தான்.

திரையில் பரந்தாமன் நிதானமாகச் சுவிட்சில் துண்டைக் கட்டினான். இரண்டு முடிச்சு. டிரம்முக்குள் இறங்கினான். பிறகு ஓரத்திலிருந்து ஒரு கை அவசரமாக நீண்டு, துண்டை அவிழ்த்து, சுவிட்சைப் போட்டது. விரலில் பச்சைக்கல் மோதிரம். இதோ, எதிரே போனைத் தடவிக்கொண்டிருந்த அதே மோதிரம்.

செந்தில் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். ஆனால் மூன்று தொழிற்சாலைகளின் கம்ப்யூட்டர் வேலை இந்த மனுஷன் தயவில்தான் ஓடுகிறது. பார்ட்டிஷனை நீக்கினான். புதிதாகப் போட்டான். ஃபார்மட் செய்தான். டிஸ்க் காலி.

காலி டிஸ்க்கில் ஒரு வீடியோ இருந்தது.

மூலையில் இன்றைய தேதி. இப்போதைய நேரம். பரந்தாமன் துண்டைக் கட்டி முடித்துவிட்டு, இந்த முறை டிரம் பக்கம் போகவில்லை. திரும்பிக் கேமராவைப் பார்த்தான்.

செந்தில், டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் பூஜ்யத்தை எழுதி அழிக்கும் வேலையைத் தொடங்கிவைத்தான். இது மெதுவாகத்தான் நடக்கும். ஒரு சதவீதம். இரண்டு.

சுவருக்கு அப்பால் மரம் கிறீச்சிட்டது. ஏதோ ஈரமாக, கனமாக, விழுந்து உருண்டது.

"சார்... டிரம் ஓடுதா?"

"இன்னா ஒளர்ற? பத்து நாளா சீல் வெச்சிருக்கு. அந்தப் பக்கம் கரண்டே இல்ல."

மூன்று சதவீதம். மறுபடி விழுந்தது.

ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு முறை. தோல் ஊறும் சுண்ணாம்பு நாற்றம் அறைக்குள் ஏறியது. நாற்பதைத் தாண்டியபோது காதோரம் ஈரமாக ஒரு மூச்சு.

"கட்டினேனே."

நூறு வரைக்கும் செந்தில் அசையவில்லை. ஐந்தரைக்குச் சத்தம் நின்றது. டிஸ்க்கைத் திறந்தான். நிஜமாகவே எதுவும் இல்லை.

கேட்டில் சந்திரா இன்னும் நின்றிருந்தாள். "கட்டினாராண்ணா?"

"அதுல ஒண்ணுமே இல்லம்மா."

அவள் அழவில்லை. "அப்ப குடிகாரன்தான்னு ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் புழுதியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை, கல்யாண வீடியோ எடுக்கும் ஆல்வின் கடைக்கு வந்து, உறை பிரிக்காத புது டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான். "ரெண்டா பிரிச்சுக் குடு தோஸ்த், டீ குடிச்சிட்டு வர்றேன்."

செந்தில் உறையைக் கிழித்து மாட்டினான். புது டிஸ்க்கில் ஒரே ஒரு வீடியோ.

பரந்தாமன் துண்டைக் கட்டினான். இறங்கினான். ஓரத்திலிருந்து கை நீண்டது.

மோதிரம் இல்லை. மணிக்கட்டில் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு.

செந்தில் அதே தழும்புள்ள தன் வலது கையை வெடுக்கென்று மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

திரையில் அந்தக் கை துண்டைத் தொட்டது. மேசைக்கு அடியில், அவன் விரல்களில் ஈரத்துணியின் முடிச்சு தட்டுப்பட்டது.