கிருமி கொல்லும் வெளிச்சம்

மாலை 4.20. தலைமைச் செவிலி கவ்லா அலறல் கேட்டு அறைக்குள் ஓடினாள். நோயாளி நஷ்வான் தூங்குவதாகவே பட்டது. ட்யூப்லைட்டைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. போர்வை, சுவர், தரை எங்கும் ரத்தம். அவன் கழுத்து காதுக்குக் காது அறுபட்டிருந்தது. பழம் நறுக்கும் கத்தி கட்டிலடியில் கிடந்தது.

மோசூல் சண்டையில் குண்டு துளைத்த அவன் காலில், எந்த ஊசி மருந்துக்கும் மசியாத கிருமி. இருபது நாளாகப் புண்ணில் நீல மருந்தை ஊற்றி, அறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கைக் காட்டி அதைக் கொன்றுவந்தாள் கவ்லா. விளக்கு எரிகையில் யாரும் ட்யூப்லைட் போடக் கூடாது என்பது அவள் சட்டம். காலைக் காப்பாற்றிவிட்டாள், ஆளைப் பறிகொடுத்துவிட்டாள்.

4.35. தாழ்வாரத்தில் போலீஸ் கேப்டன் முன்திர், துப்புரவுத் தொழிலாளி இத்ரீஸைச் சுவரோடு சாய்த்து அறைந்துகொண்டிருந்தார். விலங்கிட்ட கைகளிலும் வெள்ளைச் சட்டையிலும் நஷ்வானின் ரத்தம்.

“டேய், உள்ள என்னடா பண்ணுன?”

“தரை ஈரமா இருந்துச்சு சார். குளுக்கோஸ் பாட்டில் கொட்டிருச்சுன்னு தொடச்சேன். அவரு தூங்குறாருன்னு போர்வைய இழுத்து விட்டேன். வெளிய வந்து பாத்தா கையெல்லாம்...”

“ரத்தத்துக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதா? யார் காதுல பூ சுத்துற?” மறுபடி ஓர் அறை. உதடு கிழிந்தது. “தூக்குல தொங்குறப்ப தெரியும்.”

நஷ்வானின் மைத்துனன் சப்ரி பெஞ்சில் விம்மிக்கொண்டிருந்தான். இருபது நாளும் கூடவே இருந்து சோறு ஊட்டியவன். பிணத்தைக் கட்டிப் புரண்டதில் அவன் சட்டையும் நனைந்திருந்தது.

“நீங்க என்ன பாத்தீங்க?” என்று கேப்டன் அவனைக் கேட்டார்.

“கதவுக் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன் சார். வெள்ளப் போர்வையில செக்கச்செவேல்னு ரத்தம். இவன் மச்சான் மேல குனிஞ்சு நிக்கிறான். கத்திட்டேன்.”

“அப்ப எந்த லைட் எரிஞ்சுது?” கவ்லா குறுக்கே கேட்டாள்.

“அந்தச் சிவப்பு லைட்டுதான். வேற எத போட விடுறீங்க நீங்க?”

கவ்லா கேப்டன் பக்கம் திரும்பினாள். “அடிச்சு அடிச்சுக் கை வலிக்கும், கேப்டன். கொஞ்சம் எல்லாரும் உள்ள வாங்க.”

4.50. கதவைச் சாத்தி ட்யூப்லைட்டை அணைத்தாள். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கேப்டன் கண்ணைக் கசக்கினார். இத்ரீஸின் சட்டையில் ஈரம் தெரிந்தது, ரத்தம் தெரியவில்லை. போர்வையும் வெளுத்துக் கிடந்தது. சிந்திய நீல மருந்து மட்டும் கரியாய்த் தெரிந்தது.

“இந்த வெளிச்சத்துல சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இத்ரீஸ் சொன்னது அத்தனையும் நிஜம். செக்கச்செவேல்னு பாத்தவன், ட்யூப்லைட்டப் போட்டுட்டுப் பாத்தவன். கழுத்து எங்க இருக்குன்னு சரியாத் தெரியணும்ல, சப்ரி?”

சப்ரியின் விம்மல் நின்றது.

“காய்ச்சல்ல மச்சானே உளறுனான் சிஸ்டர். மோசூலப் புடிச்ச முகமூடிக்காரங்ககிட்ட எங்க அண்ணனக் காட்டிக்குடுத்தது தான்தான்னு. ரெண்டு கால்லயும் சுட்டுட்டுத்தான் அண்ணன இழுத்துட்டுப் போனானுங்க. நீங்க தெனமும் வந்து, ‘ஆறிருச்சு, அடுத்த வாரம் நடப்பான்’னு சொன்னீங்க. எனக்குத் தாங்கல.”

விலங்கு கை மாறியது. கவ்லாவால் சப்ரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஞ்சை எடுத்து இத்ரீஸின் உதட்டில் ஒற்றினாள்.

“வலிக்குதா?”

“லைட்டப் போடுங்க சிஸ்டர்,” என்றான் இத்ரீஸ். “ரத்தம் நின்னுச்சான்னு தெரியல.”