முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள்

சமையல்காரன் கத்தியை எடுத்தபோது தொக்ஹீ அக்கா வாயைத் திறக்கவில்லை. அதுதான் மிரானுக்கு முதலில் உறுத்தியது.

வெங்காயம் நறுக்கும் கத்தியைத் திரையில் கண்டாலே "அய்யய்யோ, இவன் பார்வையே சரியில்ல" என்று கத்துகிறவள் அக்கா. தீவுக்குப் போகும் படகில் நடக்கிற இந்தக் கொலைத் தொடரில் சமையல்காரன்தான் குற்றவாளி என்று முதல் பாகத்திலிருந்தே சாதித்துக்கொண்டிருப்பவள். அவன் ஒருவழியாகக் கத்தியோடு படகின் கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது, தரையில் கிடந்த போனிலிருந்து அவளுடைய மூச்சு மட்டும்தான் கேட்டது.

இருவரும் ஒரே பள்ளியின் சமையற்கூடத்தில் வருடக்கணக்காகச் சூப்பு அண்டா தூக்கியவர்கள். மூட்டு தேய்ந்துபோய் அக்கா தெற்கே மோக்போவுக்கு, மகன் வீட்டோடு போய்விட்டாள். மிரான் இன்னும் அதே அண்டாவைத்தான் தூக்குகிறாள். அவள் கணவன் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவன், பண்டிகைக்கு வருவான், தூங்குவான், திரும்பிப் போவான். வெள்ளிக்கிழமை மாலை புதுப் பாகம் வந்ததும் அக்காவும் அவளும் போனைச் சத்தமாக வைத்துவிட்டு, சொல்லிவைத்து ஒரே நேரத்தில் தொடரை ஓடவிடுவார்கள். யார் நன்றாக நடிக்கிறார்கள், யாருக்கு ஆபரேஷன் செய்த புது மூக்கு, எந்த இடத்தில் கதாசிரியர் தூங்கிவிட்டார் என்று பேச்சு போகும். வாரத்தில் மிரானிடம் ஒருவர் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. பூப்யோங் சந்தில் சாப்பாடு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின, மாடி வீட்டுக் குழந்தை கூரை அதிர இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கருகிய இனிப்பு வாசம் அறை முழுக்க நிறைந்திருந்தாலும் அதற்கடியில் எத்தனை முறை கழுவினாலும் நகத்தை விட்டுப் போகாத பிளீச்சிங் நெடி அவள் விரல்களிலேயே இருந்தது. குளிருக்கு அடியிலிருந்து சூடேற்றிய தரையில் கால் நீட்டி, சாய்மானமில்லாத தாழ்ந்த சோபாவில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். சோபாவுக்குப் பின்னால் விளக்குப் போடாத சமையலறை. அதைத் தாண்டினால் வாசல். அவ்வளவுதான் வீடு.

"என்னக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கலடி. ஆனா தூக்கம் வர்ற மாதிரிதான் எடுத்திருக்கான்" என்றாள் தொக்ஹீ. "என்ன பாகம் இது? ஒருத்தி முதுகைக் காட்டி உக்காந்திருக்கா. ஆரம்பிச்சதுலேர்ந்து அதே முதுகு."

"எந்த முதுகு? சமையல்காரன் கத்தியை எடுத்துட்டு கீழ போறான்ல."

"கத்தியா? எனக்கு அதெல்லாம் வரவே இல்லையே!"

"வேற ஏதாவது அமுக்கியிருப்ப. கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு."

"போட்டுட்டுத்தான் இருக்கேன். அதே தொடர், அதே ஒன்பதாவது பாகம், மேலயே எழுதியிருக்கு." பொத்தான்கள் அமுங்கும் சத்தம் கேட்டது. "மூடிட்டுத் திறந்தாலும் இவதான் வர்றா. ரெண்டு விதமா எடுத்து, ஆளுக்கு ஒண்ணா விட்டிருப்பானுங்களோ? இணையத்துல ஒருத்தரும் இதைப் பத்தி எழுதலியே. எல்லாரும் கேப்டன்தான் கொலைகாரன்னு அடிச்சுக்கிறாங்க."

"நீ விட்டுடு. நான் பார்த்துட்டுக் கதையைச் சொல்றேன்."

"நீயா? நீ சொன்னா கொலையே சுவாரசியம் இல்லாமப் போயிடும். பரவால்ல, இதையே பார்க்கிறேன்."

மிரான் சிரித்தாள். சிரிக்கக்கூடத் தோள் வலித்தது. திரையில் சமையல்காரன் இருட்டில் ஒரு கதவைத் தள்ளினான். சாதாரணமாக அவள் மனம் இந்நேரம் படகுக்குள் போயிருக்கும். இன்று போகவில்லை. நாள் முழுக்க நின்ற கால்கள் தரைச்சூட்டில் தளர்ந்து, யாருடையவோ போலக் கிடந்தன.

"ஆனா நடிக்கிறாடி" என்றாள் அக்கா கொஞ்ச நேரம் கழித்து. "முகமே காட்டல. தோளை வச்சே சொல்லிடறா. ஒருத்தி எவ்ளோ அசந்து போயிருக்கான்னு இதுக்கு மேல காட்ட முடியாது. படம் எடுக்கிறவனும் கெட்டிக்காரன். சமையலறையிலேர்ந்து கேமரா கிளம்பி வருது, ஆனா வர்றதே தெரியல. கண்ணைச் சிமிட்டினா கொஞ்சம் கிட்ட வந்திருக்கு. இப்போ மணிக்கட்டைத் தேய்க்கிறா, பாவம்."

மிரான் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினாள்.

"நிறுத்திட்டா" என்றாள் அக்கா.

இந்த நாட்டில் தன் வயதுப் பெண்களில் பாதிப்பேர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டுதான் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று மிரான் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கிழங்கை எடுத்து ஒரு கடி கடித்தாள். ஆறிப்போய் நெஞ்சை அடைத்தது.

"கிழங்கு தின்றா பாரு." அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தோலை உரிக்காமயே! நீ ஒருத்திதான் அப்படித் தின்னுவன்னு நினைச்சேன். மேல வேற பூப்போட்ட பஞ்சுச் சட்டை, கையில்லாதது. அது நான் உனக்கு..."

சிரிப்பு பாதியில் நின்றது.

மாடியில் குழந்தை ஓடியது. தட தடவென்று. அந்த ஓட்டம் முடிந்ததும் மறுபடி கேட்டது, சின்னதாக, தகரத்துக்குள் கேட்பதுபோல. போனிலிருந்து. மோக்போவில் இருக்கிற தொலைக்காட்சியிலிருந்து.

"அக்கா?" என்றாள் மிரான்.

"அக்கா?" என்றது போனில் மிரானின் குரலே.

மிரான் கிழங்கைக் கீழே வைத்தாள். அவள் இடது கையை மெல்லத் தூக்கினாள். அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல். தோளுயரத்துக்கு. அப்படியே வைத்திருந்தாள்.

"கையை இறக்கு மிரான்" என்றாள் அக்கா. இதுவரை கேட்டிராத மெலிந்த குரல். "இறக்கு. சாதாரணமா இரு. நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அதுக்குத் தெரிய வேண்டாம்."

"அதுன்னா எது?"

"திரும்பாத."

"யாருக்கா அது?"

"யாரையும் காட்டலடி. அது கண்ணு வழியாத்தானே படம் வருது, அதையே எப்படிக் காட்டும்?" அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். "உன் முதுகுதான் தெரியுது. முதல்ல இருந்ததைவிடப் பெருசா தெரியுது. எழுந்து ஓடிடு. செருப்பெல்லாம் வேண்டாம்."

ஓடுவதென்றால் வாசலுக்கு ஓட வேண்டும். வாசலுக்கு ஓடுவதென்றால் திரும்ப வேண்டும். அந்த இருட்டுச் சமையலறையைத் தாண்ட வேண்டும். மிரான் கையைத் தரையில் ஊன்றினாள். மணிக்கட்டு மடங்கியது. மறுபடி ஊன்றினாள். முட்டி பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து அண்டா அண்டாவாகத் தூக்கிய உடம்பு. அதற்குப் பயம்கூடத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இன்னொரு எட்டு எடுத்து வைக்க அதனிடம் ஒன்றுமில்லை.

"முடியலக்கா."

"முடியும்டி. எழுந்திரு. நான் என் பையனைக் கூப்பிடறேன், அவன் போலீசுக்கு..."

"அக்கா, போனை வச்சுடாத."

"வைக்கல. வைக்கல."

சமையலறைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஈரத்துணியை நெடுநாள் மூடிவைத்துத் திறந்த வாடை. கிழங்கு வாசத்தை அது மெல்ல மெல்ல மூடியது.

"சோபா கிட்ட வந்துடுச்சு" என்றாள் அக்கா. அழுதுகொண்டிருந்தாள். "நின்னுடுச்சு. படம் அசையவே இல்ல. மேலேர்ந்து உன் தலையைப் பார்க்குது. வகிட்டுல நரை தெரியுது மிரான். சாயம் போட்டு ரொம்ப நாளாச்சுல்ல உனக்கு?"

"ஆமா" என்றாள் மிரான். ஏன் பதில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் சோபா அமுங்கியது.

நுரை காற்றை விடும் சத்தம். பெரிய சத்தமில்லை. களைத்து வந்த ஒருவர் பார்த்துப் பார்த்து உட்காரும் சத்தம்.

"படம் தாழுது" என்றாள் அக்கா. "இப்போ உன் காது தெரியுது. உன் காது மட்டும்தான் தெரியுது."

மிரான் மூச்சு விடவில்லை.

தோளில் ஏதோ பட்டது.

இரண்டு தோளிலும். குளிர்ச்சியாக இல்லை. அது குளிர்ச்சியாக இருந்திருந்தால் அவள் கத்தியிருப்பாள். வெதுவெதுப்பான கனம். விரல்கள். வலி எங்கே என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறுகிக் கிடந்த முடிச்சைத் தேடிப் போய், நிதானமாக அழுத்தின. அவளை ஒருவர் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று. அவள் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வெளியே வந்தது. வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. உடம்பு தானாகவே தளர்ந்தது. மனம் ஓடு ஓடு என்றது. உடம்பு கேட்கவில்லை.

"சாயாத!" அக்கா அலறினாள். "மிரான், பின்னால சாயாத! சாயாதடி!"

மிரானின் திரையில் பாகம் முடிந்தது. யார் கொலைகாரன் என்று இருவருக்குமே தெரியாமல் போனது. படகும் கடலும் மறைந்து, திரை முழுக்கக் கறுத்தது. அந்தக் கறுப்பில், கண்ணாடியில் தெரிவதுபோல, அறை தெரிந்தது.

தரையில் கால் நீட்டிய ஒரு பெண். பூப்போட்ட மேல்சட்டை. அவளுக்குப் பின்னால் சோபா. சோபாவில் யாரும் இல்லை. நடுவில் மட்டும் இருக்கை ஆழமாகக் குழிந்திருந்தது.

அந்தப் பெண்ணின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. கழுத்து முழுதாகத் தெரிய, முகம் கூரையைப் பார்க்கும் வரை சாய்ந்தது. தலை சோபாவைத் தொடவில்லை. இருக்கைக்கு ஒரு சாண் உயரத்தில், எதன் மீதோ சுகமாகத் தங்கி நின்றது. நரையோடிய முடி இரண்டு பக்கமும் வழிந்து, அங்கே இல்லாத ஒரு மடியின் உருண்டையான வடிவில் படிந்தது.

தரையில் போன் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஏதோ ஒன்று, ஒவ்வொரு இழையாக, ஒதுக்கத் தொடங்கியது.