துணி உலர்த்தும் அறை

தைவானின் கீலுங்கில் மழை விடுவதே இல்லை. அந்த ஊரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றை வைத்திருந்த சூச்சிங்குக்கு, அதன் நிலவறை காலியாகக் கிடப்பதை நினைத்தாலே எரிச்சல் வரும். சாமான் வைக்க விட்டாள், பூஞ்சை பிடித்தது. பிங்பாங் மேசை போட்டாள். ஒருவரும் இறங்கி வரவில்லை. கடைசியில் கொடி கட்டி, ஈரம் உறிஞ்சும் மெஷினை வைத்து, குடியிருப்பவர்கள் துணி உலர்த்தும் அறையாக்கினாள். அது கைகொடுத்தது.

கொஞ்ச நாள்தான்.

மூன்றாம் மாடிப் பெய்லின் வந்து நின்றாள்.

"வீட்டுக்காரம்மா, என் சட்டைய யாரோ போட்டுப் பாக்குறாங்க."

"காயுதா இல்லையா? அதச் சொல்லு."

"காயுது. ஆனா எடுக்கும்போது உடம்புச் சூடு இருக்கு. காலர்ல வேர்வை நாத்தம்."

"மெஷின் ஓடுதுல்ல, அந்தச் சூடு."

"மெஷினுக்கு வேர்க்குமா?"

சூச்சிங் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்; துணி போடவும் எடுக்கவும் அவளே வந்து திறந்துவிட்டாள். அப்படியும் புகார் நிற்கவில்லை.

"அந்த அறையச் சும்மா விட்டுத் தொலையேன்," என்றார் கணவர் லியன்ஃபூ.

"சும்மா விட்டா மழைத்தண்ணி குடிவரும். அதுகிட்ட நீங்களே வாடகை வாங்குங்க!"

மறுநாள் பெய்லின் வீட்டைக் காலி செய்யப் பெட்டி கட்டுவதாகத் தெரிந்தது. சூச்சிங் தன் ஸ்வெட்டரை நனைத்துக் கொடியில் போட்டாள். கதவைப் பூட்டி, வெளியே படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மதியம் உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

ஒரு துணிக் கிளிப் தரையில் விழும் சத்தம் கேட்டது.

பிறகு இன்னொன்று.

திறந்தாள். யாருமில்லை. துணிகள் அசையாமல் தொங்கின. ஸ்வெட்டர் உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தது.

"இதுக்கா இத்தனை கூத்து?"

அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மூன்றாம் மாடி ஏறினாள். பெய்லின் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"நல்லா பாத்துக்க. யாரும் போடல, பேயும் போடல. இதோ, நானே போடுறேன்."

வலது கையை நுழைத்தாள். பிறகு இடது கை. அது முழங்கைப் பக்கம் எதிலோ இடித்து நின்றது. மெத்தென்று, சூடாக.

"என்ன எழவு இது, சிக்கிக்குது..."

பெய்லின் சுவரோடு ஒட்டி நகர்ந்தாள்.

அவள் பார்த்த இடத்தைச் சூச்சிங்கும் பார்த்தாள்.

அவளுடைய இடது கை இன்னும் பாதியில்தான் இருந்தது. ஸ்வெட்டர் கையின் முனையில் ஐந்து விரல்கள் வெளியே வந்திருந்தன.