முதல் முகம்

ஆறு மணிக்கு ரவிதேஜா ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வந்தான். ஈரத்துணியால் மகளின் முகத்தைத் துடைத்தான். தலைவாரி ரப்பர் பேண்ட் போட்டான். பிரீத்திகாவுக்கு நாலு வயது. குடல்வால் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்.

ஆறரைக்கு சிஸ்டர் ஆஷ்லி அட்டையோடு வந்தாள். அதில் ஆறு முகங்கள். முதலாவது சிரிக்கும், கடைசி அழும். வலி எவ்வளவோ, குழந்தை அந்த முகத்தைத் தொட வேண்டும்.

பிரீத்திகா பக்கத்திலிருந்த காலி ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

"மூணு நாளா இதேதானுங்க. சமத்து அம்மணி." ஆஷ்லி சார்ட்டில் சைபர் போட்டாள். "நாளைக்கு ஊட்டுக்குப் போயிரலாங்க."

அவனுக்குச் சரியாகப் படவில்லை. அவன் மனைவி மௌனிகாவும் இப்படித்தான். வயிற்றில் யாருக்கும் தெரியாமல் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கேட்ட டாக்டருக்கெல்லாம் "பரவாயில்லைங்க" என்று சொல்லி, எட்டு மாதம் முன்பு குடல் வெடித்துச் செத்தாள். அவள் சொல்லை நம்புவதே மரியாதை என்று நினைத்து அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஃபேன் கடகடக்க, வராந்தாவில் இட்லி வண்டி உருள, டெட்டால் நெடிக்கு அடியில் யாரும் பூசாத தைலம் மெலிதாக மணக்க, அவன் போர்வையை விலக்கிப் பார்த்தபோது மகளின் கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு இறுகியிருந்தன. மேலுதட்டில் வியர்வை. கண்ணில் நீர். வாய் மட்டும் சிரித்தது.

"சிஸ்டர், இன்னொருக்கா கேளுங்க."

"வலி இல்லைன்னாலும் உங்களுக்குக் கவலைங்களா? புள்ளை பொய்யா சொல்லுது?"

"சொல்லுதுங்க."

ஸ்டூலை மறைத்து நின்றான். ஆஷ்லி அட்டையை நீட்டினாள். பிரீத்திகாவின் விரல் கடைசி முகத்துக்குப் போனது. தொடும் முன் நின்றது. மணிக்கட்டில் தோல் வெளுத்தது. கை பின்னால் இழுபட்டது. விரல் முதல் முகத்தில் அழுந்தியது.

ஆஷ்லி வயிற்றைத் தொட்டாள். பலகை மாதிரி இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

ஸ்ட்ரெச்சர். வராந்தா. ஓட்டம். அவன் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினான். மகளின் வலது கை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. நாலு விரல்களும் ஒன்றாக நசுங்கியிருந்தன.

தியேட்டர் வாசலில் அவனை நிறுத்தினார்கள்.

"பாப்பா டாட்டா சொல்லுதுங்க," என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளிய தங்கராஜ்.

டாட்டா இல்லை. கதவு மூடுமுன் அவள் சொன்னது:

"அப்பா, அம்மாவை என் கையை விடச் சொல்லுங்கப்பா."