டிக்கியில் ஒரு முனகல்

"காப்பா...த்துங்க..."

பிரவீணாவின் ஹெட்செட்டில் அந்த முனகல் கேட்டபோது, அவள் இரண்டு மட்டன் பிரியாணிக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

2006. பெரம்பலூர் நெடுஞ்சாலையில், காரை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கும் ஓட்டல். வாசல் கம்பத்து மைக்கில் பேசினால் உள்ளே பிரவீணாவின் காதில் விழும். அவள் ஹெட்செட்டில் சொல்வது அடுப்படி ஸ்பீக்கரில் ஒலிக்கும். முதலாளி பரணிதரன் துபாயிலிருந்து கொண்டுவந்த வயர்லெஸ் செட்.

லைசென்ஸ்? மூச்!

வெள்ளை அம்பாசடர் சற்று முன்னால் தள்ளி நின்றதில், மைக்குக்கு நேராக டிக்கி.

"சார், டிக்கியில யாரோ முனகறாங்களே..." என்று ஜன்னல் வழியே எட்டிக் கத்தினாள் பிரவீணா.

கார்க் கதவு படாரென்று திறந்தது. சஃபாரி சூட் ஆசாமி ஒருவன் ஜன்னலுக்கே வந்துவிட்டான்.

"வயர்லெஸ் ஆபீசர் வைத்திலிங்கம்! செட்டுக்கு லைசென்ஸ் எங்க? இது போலீஸ் ஃப்ரீக்வென்சி தெரியுமா? கம்பி எண்ணுவீங்க!"

பரணிதரனுக்கு வியர்த்துக் கொட்டியது. "சார்... தெரியாம..."

ஹெட்செட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான் ஆபீசர். "டிக்கியில கெடக்கறது ஆடு. பிரியாணிய கட்டி காருக்கு அனுப்பு. வாயத் தொறந்தீங்க... கேஸ்தான்!"

காருக்குப் போய்விட்டான்.

"காப்பாத்துங்கன்னு கத்துற ஆடா சார்?" என்றாள் பிரவீணா.

அடுப்படி ஸ்பீக்கர் கரகரத்தது. திணித்த வேகத்தில் பேசும் பட்டன் அமுங்கியே கிடந்தது! காருக்குள் டிரைவரும் அவனும் பேசுவது அப்படியே கேட்டது.

"அண்ணே, கெளம்பிடலாம்ணே! பிரியாணி எதுக்கு?"

"மக்கு! பார்சல் வாங்காம போற ஆபீசர எங்கடா பாத்திருக்க? உடனே சந்தேகப்படுவாங்க!"

"ஆண்டிமடத்து முந்திரி யாவாரிய என்ன பண்றது?"

"நெலத்துக்குத்தான் கையெழுத்து வாங்கியாச்சே. அரியலூர் பக்கம் பாழடைஞ்ச குவாரியில தள்ளிட வேண்டியதுதான்!"

சமையல்கார செங்கமலம் கரண்டியை நழுவவிட்டாள். "அடி ஆத்தி!"

பிரவீணா போனிடம் பாய்ந்தாள். பரணிதரன் ரிசீவரை அமுக்கிப் பிடித்தார்.

"போலீஸ் வந்தா மொதல்ல செட்டத்தான் கேப்பாங்க! கடைக்குப் பூட்டு. உன் வேலயும் போச்சு!"

அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

"போனா போவட்டும் சார்! அங்க ஒரு உசுரு கெடக்கு. செங்கமலக்கா, பார்சல மெதுவா கட்டுங்க!"

"நூலே கெடைக்கலன்னு சொல்லிடறேன்டி!"

பிரவீணா பரணிதரன் கையைத் தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தாள். ஒன்று... பூஜ்யம்...

க்ரீச்ச்!

அம்பாசடரை மறித்து நின்றது போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டர் கமலவேணி குதித்து இறங்கினார். சஃபாரி சூட்டுக்கும் டிரைவருக்கும் விலங்கு விழுந்தது. டிக்கியிலிருந்து முந்திரி வியாபாரியைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது!

பிரவீணா விழித்தாள். "மேடம்... நான் இன்னும் போனே பண்ணலியே?"

"எதுக்கு பண்ணணும்? குவாரியில தள்றது வரைக்கும் அவன் பேசுனதெல்லாம் எங்க ஜீப் வயர்லெஸ்ல கேட்டுச்சே! ஆபீசர் வேஷம் பொய்தான். ஆனா ஃப்ரீக்வென்சி விஷயத்துல, பாவம், வாய் தவறி உண்மைய சொல்லிட்டான்."

பரணிதரன் வெளுத்துப்போனார். "அப்ப... ஜீப்பு வந்தது..."

"உங்களப் புடிக்க! நேத்து எஸ்.பி. வயர்லெஸ்ல பேசறப்ப, 'ரெண்டு சுக்கா, ஒரு ஆஃப் பாயில்'னு குறுக்க வந்தது யாரு?"

பிரவீணா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு உசுரு பொழைச்சிருக்கு. அதுக்காகக் கடைய விடறேன். செட்டு கோர்ட்டுக்குப் போவும்." ஹெட்செட்டோடு ஜீப்பில் ஏறிய கமலவேணி திரும்பினார். "இனிமே ஆர்டர எப்படிம்மா எடுப்ப?"

பிரவீணா தொண்டையைச் செருமினாள்.

"கத்தித்தான் மேடம். இதுக்கும் லைசென்ஸ் கேட்டுடாதீங்க!"